ஆடி மாதத்துக் கல்யாணங்கள்

ஜூலை 17, 2025, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. மாமியார் காலையிலேயே ஜாதகக் கட்டுக்கு ரப்பர் பாண்டு போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். இனி ஆவணி ஒன்று வரைக்கும் வீட்டில் கல்யாணப் பேச்சு கிடையாது, தரகருக்கும் லீவு. நாத்தனார் முகத்தில் மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட களை. வயது 36. ஏழெட்டு வருடமாக இந்தக் கட்டு பிரிவதும் மூடுவதுமாக இருக்கிறது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பூ கட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று சொன்னாள்: "ஆடியில மனுஷங்களுக்குத்தானே அண்ணி பண்ணக்கூடாது? கதையில வர்றவங்களுக்குப் பண்ணலாமே."

அப்படித்தான் ஆரம்பித்தது. இதை எழுதி எல்லாரும் பார்க்கும்படி வைக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். "என் பேரைப் போடாம எழுதுங்க" என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

முதலில் சட்டதிட்டம். கல்வெட்டில் இருக்கும் ஜோடியைப் பிரிக்கக் கூடாது. குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று தஞ்சாவூர்ப் பெரிய கோயிலிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லில் ஏறியதைக் கலைக்க நமக்கு என்ன அதிகாரம்? கல்கி கற்பனையில் பிறந்தவர்கள் என்றால் தாராளமாகக் கை வைக்கலாம்.

பத்துப் பொருத்தம் பார்க்கப் போவதில்லை. ரஜ்ஜு தட்டுகிறது, வேதை இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. நாங்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று: ராத்திரி சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகு இவர்கள் இரண்டு பேருக்கும் பேச ஏதாவது இருக்குமா?

இந்த ஒரு கேள்வியில் எத்தனை அமர காதல் விழுகிறது தெரியுமா? முதலில் விழுந்தவர் 'சிவகாமியின் சபதம்' மாமல்லர்.

ஜூலை 20, ஞாயிறு

கடம்பூர் மணிமேகலைக்கு இன்று வரன் பார்த்தோம்.

'பொன்னியின் செல்வ'னில் எனக்கு மனசு ஆறாத பெண் இவள்தான். சின்ன வயதில் படித்தபோது நந்தினி வந்தாலே பக்கம் வேகமாகப் புரளும், மணிமேகலை வந்தால் கொட்டாவி வரும். நாற்பதைத் தாண்டிய பிறகு நேர்மாறு. பாவம், அவள் வந்தியத்தேவனைப் பார்த்துக் காதலித்தவள்கூட இல்லை. அண்ணன் கந்தமாறன் என் நண்பன் அப்படி, என் நண்பன் இப்படி என்று சொல்லச் சொல்ல, கேட்டே மனசில் வரைந்து வைத்துக்கொண்டவள். அப்புறம் அதே அண்ணன் வந்து, அவனை மறந்துவிடு, பெரிய இடத்தில் பேசியிருக்கிறோம் என்கிறான். அவனுக்காகக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள், சித்தம் கலங்குகிறாள், கடைசியில் அவன் மடியிலேயே உயிர் விடுகிறாள். ஐந்து பாகம் படித்து முடித்தவர்களுக்குக் கல்கி கொடுத்து அனுப்பிய தாம்பூலம் அதுதான்.

"ஆழ்வார்க்கடியானுக்குக் கொடுத்துடலாமா?" என்றேன்.

"அவன் வேணாம்" என்றாள் பட்டென்று. காரணம் சொல்லவில்லை.

யோசித்து யோசித்துச் சேந்தன் அமுதனிடம் வந்து நின்றோம். பூத்தொடுக்கிறவன், தேவாரம் பாடுகிறவன். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. அவளுக்கும் பாட்டு உண்டு. பாத்திரம் கழுவிய பிறகு அவன் ஒரு பதிகம் எடுத்தால் அவள் யாழை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். நல்ல பொருத்தம் என்று டைரியில் எழுதிவிட்டு எழுந்தபோதுதான் உறைத்தது.

கந்தமாறனும் சம்புவரையரும் பேசி வைத்திருந்த பெரிய இடம் எது? மதுராந்தகன். சேந்தன் அமுதன் யார்? ஐந்தாம் பாகத்தில் கல்கி முடிச்சை அவிழ்க்கும்போது நிஜ மதுராந்தகன் அவன்தானே! அப்பாவும் அண்ணனும் ஆசைப்பட்ட சம்பந்தம் அட்சரம் பிசகாமல் நடந்துவிடுகிறது. ஆள் மட்டும்தான் வேறு. நாத்தனார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாமியார் எழுந்து வந்து தலையில் தட்டினார்.

ஆனால் ஒரு சிக்கல். சேந்தன் அமுதனை இங்கே இழுத்ததில், அங்கே கல்கி அவனுக்குக் கட்டிவைத்த பூங்குழலி தனியாகிவிட்டாள். நிஜக் குடும்பங்களிலும் இப்படித்தான், ஒரு வரனை மாற்றினால் நாலு வீட்டில் பந்தல்கால் ஆடும்.

ஜூலை 23, புதன்

வேலை அதிகம். சிவகாமியைத் 'தில்லானா மோகனாம்பாள்' சிக்கல் சண்முகசுந்தரத்துக்குக் கொடுத்தேன். ஒரு நாட்டியக்காரி, ஒரு நாதஸ்வரக்காரர்.

"பல்லவர் காலத்துல நாதஸ்வரம் ஏது அண்ணி? அப்புறம், மோகனா நம்மள சும்மா விடுவாளா?"

தள்ளுபடி. இரண்டு பேருக்கும் இருக்கிற ரோஷத்துக்கு வீட்டில் ஒரு தட்டு மிஞ்சாது. வாதாபியிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த பிறகு, மாமல்லர் ராணியோடும் குழந்தைகளோடும் ஊர்வலம் போவதைத் தெருவோரத்து வீட்டிலிருந்து பார்த்தவள் சிவகாமி. ஏகாம்பரநாதரையே வரித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு நான் புதிதாகப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்று பேசியது கொஞ்சம் கனமான விஷயம்.

கங்கா. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' கங்காதான். மழை நாளில் காரில் ஏறின கல்லூரிப் பெண். 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி மறைத்துவிடுகிறாள். நாவலில் அந்த அம்மாவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லாமல் ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வெளியே தள்ளுகிறான். படிக்க வைக்கிற மாமாவின் கண்ணிலும் விஷம். ஒரே சம்பவத்துக்கு அம்மா வாயில் வருகிற ஒரு வார்த்தையை மாற்றிப்போட்டு முழு நாவல் எழுதி, 1972-இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கிவிட்டார் மனுஷர்.

கங்காவுக்கு யாரைக் கொடுப்பது? பிரபுவை யோசிக்கவே வேண்டாம், பழகுவதற்கு நன்றாக இருப்பான், நம்பிக் கழுத்தை நீட்ட முடியாது. நான் சொன்ன பேர் ஹென்றி. அதே ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' ஹென்றி. ஒரே எழுத்தாளர் வீட்டுக்குள்ளேயே என்பதால் இதை அத்தை பிள்ளை, மாமன் பெண் சம்பந்தமாக வைத்துக்கொள்ளலாம்.

ஹென்றியிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: யாரையும் நீ யார், என்ன குலம், முன்னால் என்ன செய்தாய் என்று கேட்கிற பழக்கமே அவனுக்குக் கிடையாது. பெரிய மனசு பண்ணிக் கேட்காமல் இருக்கிறவன் இல்லை. அப்படி ஒரு கேள்வி உலகத்தில் உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. தெருவில் நிர்வாணமாகத் திரிந்த பெண் வந்து நின்றபோதும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறான். அவள் போய்விட்டபோதும் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

கங்கா ஆபீஸ் முடிந்து கிருஷ்ணராஜபுரம் பஸ்ஸில் இறங்குவாள். அவன் கையெல்லாம் சுண்ணாம்பாகச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருப்பான். "காபி போடட்டுமா?" என்பான். அவள் வாழ்க்கையில் அவளைப் பார்த்து ஒரு ஆண் கேட்ட முதல் சாதாரணக் கேள்வியாக அது இருக்கும்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்றவன்தான் அண்ணி ரொம்ப ஆபத்து" என்றாள் நாத்தனார். "ஒவ்வொரு தடவை சண்டை வரும்போதும் அதை எடுத்து வெளிய வைப்பான்."

நான் மறுபேச்சுப் பேசாமல் 'கங்கா – ஹென்றி' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. இந்த வருடம் ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் திறந்ததால் கும்பகோணத்துப் படித்துறையில் கடைசி மூன்று படி தண்ணீருக்குள் இருந்தது. காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, அரிசி வெல்லம். ஐந்து வகைச் சாதத்தில் புளியோதரை மட்டும் வீட்டுக்கு வருவதற்குள் தீர்ந்துபோனது.

'பொன்னியின் செல்வன்' கதை தொடங்குகிற நாளும் இதே ஆடிப் பதினெட்டுதான். வீராணம் ஏரிக்கரையில் ஜனங்கள் கமுகு மட்டையில் சித்திரான்னம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, வந்தியத்தேவன் குதிரையில் வருவான். மாமியார் வருடா வருடம் இன்றைக்கு அந்த முதல் அத்தியாயத்தை எடுத்துப் படிப்பார். அவருடைய அம்மா, பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்து பைண்டு செய்து வைத்தது. மணியம் வரைந்த படங்களோடு. பைண்டு செய்தவன் ஓரத்தை ஒட்டி வெட்டியதில் சில பக்கங்களில் குதிரைக்கு வால் இருக்காது.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றியவர், "நீங்க ரெண்டு பேரும் என்னமோ ஜோடி மாத்திக்கிட்டு இருக்கீங்களாமே" என்றார். மாட்டிக்கொண்டோம். லிஸ்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மணிமேகலை கல்யாணத்துக்குத் தலையாட்டினார். கங்கா பேரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

"நந்தினி எங்க?"

"அவளுக்கு யாரு அத்தை பொருந்துவா?"

"இது என்ன கேள்வி? கரிகாலனுக்கே கொடுத்திருந்தா ஒரு வம்பும் இல்ல. சின்னதுங்க ரெண்டும் ஒண்ணா விளையாடி வளர்ந்ததுங்க. பூசாரி வீட்டுல வளர்ந்த பொண்ணு அரண்மனைக்கு ஆகாதுன்னு பெரியவங்க பிரிச்சுட்டாங்க. பெரியவங்க சேர்த்து வைக்காததாலதான் அஞ்சு பாகம்."

சொல்லி முடித்ததும் அவருக்கே எங்கோ இடித்திருக்க வேண்டும். நாத்தனார் வெற்றிலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின வெற்றிலையையே மறுபடியும் கழுவினாள்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு திருவாரூர்ப் பையன். அவளோடு வேலை பார்த்தவன். அந்தக் கதையில் பெரியவர்களாக இருந்தவர்கள் இந்த வீட்டிலேயேதான் இருக்கிறோம். நானும்தான். அப்போது நான் புது மருமகள், வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி ஆறாவது வருடம் அது. ஆறு வருடத்து மருமகள் எந்த ஊரில் புது மருமகள்?

ஆகஸ்ட் 4, திங்கள்

யாரும் யாருக்கும் வரன் பார்க்கவில்லை. மீந்துபோன எலுமிச்சஞ்சாதம்.

ஆகஸ்ட் 9, சனி

அவளாகவே வந்து, "பூங்குழலி அம்போன்னு நிக்கிறா அண்ணி" என்றாள். ஐந்து நாளுக்கு அப்புறம் டைரியைத் திறந்தேன்.

ஊரெல்லாம் அருள்மொழிக்குத்தான் கொடுக்கச் சொல்லும். எனக்குச் சம்மதமில்லை. கோடியக்கரையில் சொந்தப் படகும் துடுப்பும் வைத்துக்கொண்டு, அலைகடலும் ஓய்ந்திருக்க அகக்கடல்தான் பொங்குவதேன் என்று பாடுகிறவளைக் கொண்டுபோய்த் தஞ்சாவூர் அந்தப்புரத்தில் வைத்தால் அவளுக்குத் துணி காயப்போடக்கூடக் காற்று வராது. கல்கியும் கடைசியில் அவளை அரண்மனைக்குத்தான் அனுப்பினார், மாப்பிள்ளைதான் வேறு.

கடலில் வேலை இருக்கிற மாப்பிள்ளை வேண்டும். அதற்குச் சாண்டில்யன் வீட்டுக்குப் போக வேண்டும். 'கடல் புறா' கருணாகரன் ஏற்கெனவே காஞ்சனாதேவிக்கும் மஞ்சளழகிக்கும் நடுவில் திண்டாடிக்கொண்டிருக்கிறான், மூன்றாவதாக ஒருத்தியை அனுப்பினால் பாவம் சேரும். கப்பலில் இன்னொருவன் இருக்கிறான், அரபு நாட்டு அமீர். ஆள் மலை மாதிரி, சண்டைக்கு அஞ்சாதவன். சாண்டில்யன் கதாநாயகன் கண்ணில் எப்போதும் அழகிகள் படுவார்கள், அமீர் பக்கம் ஒருத்தியும் திரும்பியதில்லை. நூறு வருடம் முன்பின்னாக இருந்தால் என்ன? பாத்திரம் கழுவிய பிறகு பேச அவர்களுக்குக் காற்று இருக்கிறது, நீரோட்டம் இருக்கிறது, நாளைக்கு எந்தத் துறைமுகம் என்ற கேள்வி இருக்கிறது. பேச்சு முடிந்தால் அவள் பாடுவாள். அவனுக்குத் தமிழ்ப்பாட்டு பாதிதான் புரியும், அதனால் குற்றம் கண்டுபிடிக்க மாட்டான்.

அடுத்து 'மோகமுள்' யமுனா. நம்ம ஊர்ப் பெண், துக்காம்பாளையத் தெருவில்தான் தி. ஜானகிராமன் குடிவைத்தார். நாத்தனார் அரை மணி நேரம் யோசித்தாள். "அவளைக் கும்பிட்டாங்க, அவளுக்காக ஏங்கினாங்க. அவளுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா? முதல்ல ஒரு வேலை பாத்துக் குடுங்க. அப்புறம் வரன் பாக்கலாம்." யமுனா பேருக்கு எதிரே கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

"சரி, ஆழ்வார்க்கடியானை அன்னிக்கு ஏன் வேணாம்னே?"

கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்தாள். "ஊர் ஊராப் போவான். திரும்பி வரும்போது கதை கொண்டு வருவான். வழியில எவன்கூடவாவது சிவன் பெரியவனா பெருமாள் பெரியவனான்னு சண்டை போட்டு, தடியால ரெண்டு வெச்சுட்டும் வருவான். தொந்தி, முன்குடுமி, அழகுன்னு ஒண்ணும் கிடையாது. ஆனா வீட்டுல இருக்கிற நாலு நாளும் போரடிக்காது. இல்லாத நாள்ல கதவைத் திறந்து போட்டுட்டு நான் பாட்டுக்கு இருப்பேன்."

'அவள் இருப்பாள்' என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. மாமியார் பீரோவைத் திறந்து ஜாதகக் கட்டை எடுத்தார். ரப்பர் பாண்டு வெயிலுக்கு இளகி மேல் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அந்தத் திருவாரூர்ப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

"கோயம்புத்தூர்ல" என்றாள் நாத்தனார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "ரெண்டு பொண்ணும்மா. பெரியவ மூணாவது படிக்கிறா."

மாமியார் ரப்பர் பாண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். காகிதம் கிழிந்து, யாரோ ஒரு பையனுடைய ராசிக்கட்டத்தில் பாதி ரப்பரோடு வந்துவிட்டது.

பத்தரைக்குத் தரகர் போன் செய்தார். ஆடி முடிந்ததும் முதல் போன் நமக்குத்தானாம். அடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் எடுக்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் நாத்தனாரைப் பார்த்தேன்.

"எடுத்துப் பேசுங்கம்மா, பாவம் அவர்" என்றவள், கீரைக்காம்புகளை முறத்தில் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நோட்டுல ஆழ்வார்க்கடியானை யாருக்கும் எழுதிடாதீங்க."