அம்பாசிடர் பம்பருக்கு மறுபடியும் குரோம்: கோவை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 17, 2025

முன் பம்பர், பின் பம்பர் இரண்டையும் கழற்றியாச்சு. பின்பக்க போல்ட்டுகள் ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறியும் அசையவில்லை. கட்டிங் வீல் வைத்து அறுத்துத்தான் எடுத்தேன்.

வண்டி 1967 மாடல், மார்க் 2. உத்தரபாரா தொழிற்சாலையில் பூசிய குரோம் முன் பம்பரில் பாதிக்கு மேல் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. அங்கங்கே துருப்புள்ளி, அவ்வளவுதான். பின் பம்பருக்கு இடையில் யாரோ ஒருமுறை பூசியிருக்கிறார்கள். அதுதான் உரிகிறது. நகத்தை விட்டு நெம்பினால் தகடு தகடாக வருகிறது, அடியில் செங்காவி நிறத்தில் பழைய துரு. துருவை எடுக்காமலே மேலே பூசியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 18

கழற்றியதையெல்லாம் திண்ணையில் பரப்பி, ஒரு காந்தத்தை வைத்துத் தரம் பிரித்தேன். பம்பர், அதன் மேல் நிற்கும் ஓவர்ரைடர், வீல் கப் எல்லாம் இரும்பு. ஹெட்லைட் ரிங்கில் காந்தம் ஒட்டவில்லை. பின்புறம் லேசாகச் சுரண்டினால் மஞ்சள், பித்தளை. டோர் ஹேண்டில், டிக்கி ஹேண்டிலிலும் ஒட்டவில்லை. சுரண்டினால் சாம்பல் நிறம். அது மசாக், துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தது. தலைவலி அதில்தான் வரும்.

பட்டறைக்குக் கொடுக்கும் முன் இந்தப் பிரிப்பு அவசியம். முலாம் பூச இறக்கும் ரசாயனக் குளியல் ஒவ்வொரு உலோகத்துக்கும் வேறு. அலுமினியத்தைத் தெரியாமல் காஸ்டிக் சோடாத் தொட்டியில் இறக்கினால் பொங்கிக் கரைந்துவிடும். ஸ்டெயின்லெஸ் பட்டைக்கு முலாமே வேண்டாம், பஃப் போட்டால், அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றினால் போதும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, கம்பியில் கோத்து, அட்டை கட்டினேன்.

ஆகஸ்ட் 24

விலை விசாரித்தேன். ஒரு பம்பருக்கு 2,500 ரூபாய் சொல்பவரும் உண்டு, 7,000 சொல்பவரும் உண்டு. ‘எல்லாம் ஒரே குரோம்தானுங்க’ என்றார் 2,500காரர். அவர் சொன்னது நிஜம்தான். குரோம் ஒன்றேதான். அதற்கு அடியில் இருப்பதற்குத்தான் மீதிக் காசு.

உக்கடத்தில் புதுப் பம்பரே கிடைக்கிறது. கையில் தூக்கிப் பார்த்தேன். தகடு மெலிசு, வளைவும் சரியில்லை. பழசே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 27

விநாயகர் சதுர்த்தி. எங்கும் கடை இல்லை. வீட்டில் உட்கார்ந்து படித்ததைக் குறித்து வைக்கிறேன்.

நாம் ‘குரோம்’ என்று பார்க்கிற பளபளப்பில் குரோமியத்தின் பங்கு கால் மைக்ரானில் இருந்து அரை மைக்ரான் வரைதான். தலைமுடியின் கனம் 70 மைக்ரான் அளவு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதற்குக் கீழே இருக்கும் நிக்கல் 20, 30 மைக்ரான். துருவைத் தடுப்பதும் கண்ணாடிபோல் மின்னுவதும் அந்த நிக்கல்தான். நிக்கலை அப்படியே விட்டால் காற்றுப்பட்டு மங்கி மஞ்சளடிக்கும். அது நடக்காமல் மேலே மூடிவைக்கிற, எளிதில் கீறல் விழாத, லேசாக நீலம் கலந்த வெள்ளைத் தோல்தான் குரோம். 1920களின் பிற்பகுதியில்தான் கார்களுக்கு வந்தது. அதற்கு முன் விளக்கும் ரேடியேட்டர் உறையும் நிக்கலோ பித்தளையோதான். டிரைவருக்குத் தினமும் துடைக்கிற வேலை.

நிக்கலில் ஊசிமுனைத் துளை இருந்தால் அது வழியாகத் தண்ணீர் இறங்கி இரும்பு துருப்பிடிக்கும். என் முன் பம்பரின் புள்ளிகள் அப்படி வந்தவை. ஆகவே ‘எத்தனை கோட் குரோம் போடுவீங்க’ என்று கேட்பது வீண். நிக்கல் எத்தனை நிமிஷம், செம்பு உண்டா இல்லையா, இதைத்தான் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 3

கோவையில் கணபதி பகுதிப் பக்கம் ஒரு பட்டறை. இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முதலாளி சிரித்துக்கொண்டே பின்னால் கூட்டிப்போனார். ‘பதில் எங்கிட்ட இல்லீங்க, மாஸ்டர்கிட்ட இருக்குது.’

மாஸ்டர் பஃப் போடுகிறவர். அறுபது வயது இருக்கும். முகத்தில் துணி, உடம்பு முழுக்கக் கறுப்புப் பொடி. சுவரோரம் எமரி ஒட்டிய சக்கரங்கள், கரகரப்பானதில் இருந்து நைசானது வரை வரிசையாக. கடைசியில் வெறும் துணிச் சக்கரம், அதில் தேய்க்கிற பாலிஷ் சோப்புக் கட்டி. என் பின் பம்பரை வாங்கி, டியூப்லைட்டை நோக்கிச் சாய்த்து, நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்த்தார். விளக்கின் பிம்பம் எங்கே நெளிகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டார்.

‘இங்கெல்லாம் அடி வாங்கியிருக்குது தம்பி. முதல்ல டிங்கர்கிட்ட குடுத்துத் தட்டி எடுத்துட்டு வாங்க. தொட்டி ஒண்ணையும் மறைக்காதுங்க. நான் எப்படிக் குடுக்கறனோ அப்படியேதான் திருப்பிக் குடுக்கும்.’

தொட்டிக்காரரைத் தேடி ஊர் சுற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. பஃப் போடுகிறவரைத் தேடுங்கள். கண்ணாடிபோல் வந்தது என்று பெயர் வாங்குவது பட்டறை. அந்தக் கண்ணாடி தயாராவது இந்தப் பொடிக்குள். அவருக்கு அடுத்து அந்தச் சக்கரத்தில் நிற்க உள்ளூர்ப் பையன்கள் யாரும் வரவில்லையாம். பக்கத்தில் இருந்த இருவரும் பீகாரில் இருந்து வந்தவர்கள். தமிழில்தான் அவரிடம் திட்டு வாங்குகிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: விளிம்பை உருட்டிவிட வேண்டாம். அதிகமாகத் தேய்த்தால் பம்பரின் மடிப்புக்கோடு மழுங்கி, வண்டி முகமே மாறிப்போகும். ‘அது எனக்குத் தெரியாதுங்களா’ என்று முறைத்தார்.

செப்டம்பர் 11

டிங்கரிங் முடிந்து பம்பர்கள் போய்ச்சேர்ந்தன. பழைய குரோம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் நிமிஷக்கணக்கில் போய்விட்டது. நிக்கல் அப்படிப் போகாது. கந்தக அமிலத்தில் மின்சாரத்தைத் தலைகீழாகப் பாய்ச்சித்தான் எடுக்கிறார்கள். பூசும்போது ஏறியது இப்போது இறங்குகிறது. எல்லாம் உரிந்தபின் பம்பரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அம்மைத்தழும்பாகக் குழிகள்.

அங்கேதான் செம்பு வருகிறது. செம்பு மிருதுவானது. கனமாக ஏற்றி, மறுபடி தேய்த்தால், மேடு குறைந்து குழி நிரம்பிச் சமமாகும். மறுபடி செம்பு, மறுபடி தேய்ப்பு. 2,500 ரூபாய்க்காரர் இதைத்தான் விட்டுவிடுகிறார்.

செப்டம்பர் 14

டோர் ஹேண்டில்கள். மாஸ்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஒன்றைத் தனியே வைத்தார். மேலே கொப்புளம் கொப்புளமாக இருந்தது. கொப்புளத்தைக் குத்தினால் உள்ளே வெள்ளைப் பொடி. துத்தநாகம் அரித்துப் பொடியாகி, முலாமை மேலே தள்ளியிருக்கிறது.

இதை ஆசிட்டில் வைத்து மறந்தால் ஹேண்டிலே கரைந்துபோகும். நேராக அமிலச் செம்புத் தொட்டியிலும் இறக்க முடியாது, அந்த அமிலமும் துத்தநாகத்தைத் தின்னும். முதலில் சயனைடு கலந்த செம்புக் குளியலில் மெல்லிய உறை போட்டாக வேண்டும். சயனைடுத் தொட்டி தனி அறையில், பூட்டுக்குள் இருக்கிறது. அதன் பக்கம் ஆசிட் வாளி போகவே கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும்.

குழிகளைச் சின்ன டிரில்லால் நோண்டி, வெள்ளைப் பொடி முழுக்கப் போகும்வரை சுத்தம் செய்து, செம்பு ஏற்றி, ஈயப்பற்று வைத்து நிரப்பி, அரம் போட்டு, மறுபடி செம்பு. ஒரு ஹேண்டிலுக்கு ஆகும் நேரத்தில் பாதி பம்பர் முடிந்துவிடும். கூலியும் அப்படியே. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளை முன்பே கழற்றி வைத்துக்கொண்டேன். ஆசிட்டிலும் குரோம் தொட்டியிலும் ஹைட்ரஜன் ஏறினால் ஸ்பிரிங் எஃகு பிஸ்கட்போல் முறியும்.

செப்டம்பர் 20

இன்று முன் பம்பருக்கு நிக்கலும் குரோமும். போய் நின்று பார்த்தேன்.

நிக்கல் தொட்டி பச்சை, வெதுவெதுப்பு, அரைமணி நேரத்துக்கு மேல். எடுத்ததும் கழுவி, காயவிடாமல் உடனே குரோம் தொட்டிக்குள். நடுவில் நின்று பேசினால் நிக்கலின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் கட்டி, குரோம் புகைமூட்டமாக இறங்கும். தொட்டிக்குள் இருக்கும்போது கரண்ட் போனாலும் அதே கதி. அதனால் ஜெனரேட்டர் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஆறேழு வோல்ட்தான், ஆம்பியர் நூற்றுக்கணக்கில். சில நிமிஷத்தில் வேலை முடிந்தது.

அந்தத் தொட்டியின் நிறம் கருஞ்சிவப்பு. குரோமிக் அமிலம். செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பங்கு உலோகத்தைப் படியவைக்காமல் ஹைட்ரஜன் குமிழியாகப் போகிறது. குமிழி வெடிக்கும்போது அமிலம் பனியாகக் கிளம்பும். அதை அடக்க மேலே பிளாஸ்டிக் பந்துகள் மிதக்கவிட்டிருக்கிறார்கள், ஓரத்தில் உறிஞ்சும் விசிறி. இது இல்லாத பட்டறைகளில் வேலைசெய்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகிவிடுவதுண்டு. இந்த அமிலத்தில் இருக்கும் விஷம் மிகுந்த வடிவமான ஆறிணைத்திறக் குரோமியம் புற்றுநோயும் தரும்.

ராணிப்பேட்டை நினைவுக்கு வராமல் இல்லை. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் குரோமேட் தயாரித்த ஆலை 1995இல் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுவிட்டுப் போனது. நிலத்தடி நீர் மஞ்சளானது. நம் ஊர் ஆட்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கெடுபிடி என்று அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவியல்தான் கண்ணில் நிற்கிறது. கெடுபிடி இன்னும் வேண்டும்.

முதலாளியிடம் கழிவுநீரைக் காட்டச் சொன்னேன். காட்டினார். மஞ்சள் தண்ணீரில் அமிலமும் சோடியம் மெட்டாபைசல்பைட்டும் விட்டதும் பச்சையாக மாறுகிறது. விஷம் குறைந்த மூவிணைத்திறக் குரோமியம் அது. பிறகு சுண்ணாம்பு போட்டால் சேறாக அடியில் தங்கும். காட்டத் தயங்குகிற பட்டறையில் நான் கொடுக்கமாட்டேன், வேலை எத்தனை நன்றாக இருந்தாலும்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. பட்டறை கழுவி, பஃப் மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம். பொரியும் சுண்டலும் கிடைத்தன. ஹேண்டில் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 9

எல்லாம் கைக்கு வந்தது. உள்ளே டியூப்லைட்டில் அழகாகத் தெரிவதை நம்பாமல் வெயிலுக்கு எடுத்துவந்து பார்த்தேன். பின் பம்பரின் உட்பக்க மூலையில், ஓவர்ரைடர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், லேசான மஞ்சள். அங்கே குரோம் ஏறவில்லை, நிக்கல் மட்டும். குரோமுக்குப் பள்ளத்தில் நுழையும் சுபாவம் கிடையாது. பள்ளத்துக்குப் பக்கத்தில் மின்சாரம் பாய்ச்சும் துணை ஆனோடு கட்டித்தொங்கவிட்டால்தான் ஏறும். ‘அது மூடிக்கும் தம்பி, தெரியாதுங்க’ என்றார் மாஸ்டர். ஓவர்ரைடரை வைத்துப் பார்த்தேன், மூடியது. விட்டுவிட்டேன்.

மடிப்புக்கோடு கூர்மையாகவே இருக்கிறது. அதற்கு அவரிடம் தனியாக நன்றி சொன்னேன். கண்டுகொள்ளவில்லை.

அக்டோபர் 12

பம்பரின் பின்புறத்தில் முலாம் பெயருக்குத்தான் இருக்கும். துரு மறுபடி கிளம்புவது அங்கிருந்துதான். ஜிங்க் பிரைமர் அடித்து, காய்ந்தபின் சில்வர் பெயின்ட் இரண்டு கை. போல்ட் எல்லாம் புதுசு. ஹேண்டிலுக்கு அடியில் புது ரப்பர் வைத்தேன், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கும்.

வீல் கப்புகளை இந்த முறை கொடுக்கவில்லை. மங்கல்தான், ஆனால் உரியவில்லை. உத்தரபாரா போட்ட குரோம் நிற்கும்வரை நிற்கட்டும். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரும் மெழுகும் போதும். புளியும் பீதாம்பரியும் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்து வயரிங்.