லீவரை இழுத்தால் கை இறங்க வேண்டும்

ரயில் வண்டிக்கு 'நில்', 'போ' காட்டும் பழைய கைகாட்டிக்குப் பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நான் ஒப்ப மாட்டேன். லீவரை இழுத்தால் கை இறங்க வேண்டும். செங்கோட்டையில் பழைய சிக்னல் சாமான்களைச் சீர்செய்யும் எங்கள் சிறு குழுவில் இதற்காகத்தான் சண்டை பிடிக்கிறேன்.

1904-இல் திறந்த கொல்லம் – செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில், செங்கோட்டையிலிருந்து புனலூர் வரையான மலைப்பகுதி 2010-இல் மூடப்பட்டது. 2018-இல் அகலப்பாதையாக முழுதும் திறந்தது. வண்டி திரும்பியது பெரிய சந்தோஷம்.

ஆனால் அந்தப் பழைய சிக்னல் அமைப்பில் எவ்வளவு யோசனை! கைகாட்டியை இழுப்பது கம்பி. அது அறுந்தால் எடைக்கல் கையைத் தானாக 'நில்' நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வண்டியைத் தடம் மாற்றிவிடும் நகரும் தண்டவாளம்தான் பாயிண்ட்; அதைத் தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதனால் அதற்கு இரும்புத் தடி. வெயிலில் தடி நீளுமே? நடுவில் ஒரு கிராங்க், அதாவது அசைவை எதிர்த்திசைக்குத் திருப்பும் இரும்புக் கை வைத்து, ஒரு பாதியின் நீட்சியை மறுபாதியின் நீட்சியால் ஈடுகட்டிவிடுகிறார்கள். அப்புறம் இன்டர்லாக்கிங், அதாவது லீவர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பூட்டு. பாயிண்ட் சரியாக விழுந்து பூட்டிக்கொள்ளாமல் சிக்னல் லீவர் அசையவே அசையாது. மின்சாரமே இல்லாமல், வெறும் இரும்பு பார்க்கும் காவல் அது.

"கிரீஸ் அப்புறம், முதல்ல துருவைச் சுரண்டுப்பா" என்பார் எங்களுக்குச் சொல்லித்தரும் மாமா, ஓய்வுபெற்ற சிக்னல்காரர்.

பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் யார் வீட்டிலாவது பழைய லீவர் எண் தகடு, கம்பிக் கப்பி கிடந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.