தரிசுக் காட்டில் நான்கு வட்டங்கள்

14 பிப்ரவரி 2025, வெள்ளி
கோபிசெட்டிபாளையம்

படையில் சேரத் துடிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, "ஏனுங்க அப்புச்சி, பட்டாளத்துக்காரங்களுக்குன்னு தனியா ஒலிம்பிக் நடக்குதுங்களாமா?" என்று கேட்டாள். நடக்கிறது கண்ணு என்றேன். உலகப்போர் முடிந்த மூன்றாம் ஆண்டில், 1948 பிப்ரவரி 18 அன்று, பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் நீஸ் நகரில் கூடிப் பன்னாட்டு இராணுவ விளையாட்டு மன்றத்தைத் தொடங்கின. விளையாட்டின் வழியே நட்பு என்பதே அதன் முழக்கம். முதல் உலக இராணுவ விளையாட்டுகள் 1995இல் ரோமில் நடந்தன. 2007இல் அது ஐதராபாத்துக்கே வந்தபோது நான் வடகிழக்கில் பணியில் இருந்தேன். நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்ற குறை இன்றும் எனக்கு உண்டு.

15 பிப்ரவரி, சனி

மஞ்சள் வேக வைக்கும் வேலையில் நாள் முழுவதும் போய்விட்டது. மாலையில், பேத்தி படைவீரர் போட்டியில் வரும் கையெறி குண்டு வீச்சைப் பழகுவதற்காகத் தரிசுக் காட்டை டேப் பிடித்து அளந்து, 15, 20, 25, 30 மீட்டர் தொலைவுகளில் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். பெண்களுக்கான தொலைவுகள் இவை. ஆண்களுக்கு ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டர் கூடும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இராணுவ ஐம்போட்டியைப் போல ஒரு படைவீரனின் உடலை முழுதாகச் சோதிக்கும் போட்டி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். 200 மீட்டரில் துப்பாக்கி சுடுதல், 500 மீட்டருக்குள் இருபது தடைகளைத் தாண்டும் ஓட்டம், தடைகளோடு 50 மீட்டர் நீச்சல், கையெறி குண்டு வீச்சு, இறுதியாக நெடுந்தொலைவுக் காட்டோட்டம் என ஐந்தும் சேர்ந்தது அது. நெதர்லாந்து வான்குடை வீரர்களின் பயிற்சியைக் கண்டு இதற்கு வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சு அதிகாரி ஆன்றி தெப்ரூசு. முதல் போட்டி 1947இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் நடந்தது.

குண்டு வீச்சில் வெடிப்பது எதுவும் கிடையாது. மூன்று நிமிடத்துக்குள் வட்டத்துக்கு நான்காகப் பதினாறு எறிகள் எறிய வேண்டும். கல்லும் மண்ணும் நிரப்பிக் கட்டிய துணி முடிச்சுகளைப் பேத்தி வரிசையாக அடுக்கிக்கொண்டாள். நேற்று மஞ்சள் அள்ளிய கறை உள்ளங்கையில் அப்படியே இருந்ததால், ஒவ்வொரு முடிச்சிலும் மஞ்சள் விரல்தடம் பதிந்தது. பக்கத்து வட்டத்தில் மூன்று விழுந்தன. அடுத்ததில் ஒன்று விழுந்தது. மூன்றாவதற்கு வந்தபோது அவசரப்பட்டுத் தோளை மட்டும் வீசினாள். இடுப்பு திரும்பவே இல்லை. "மூச்சை விட்டுட்டு எறி கண்ணு" என்றேன். நான்காவது வட்டத்தை எட்டும் முன்பே நேரம் முடிந்தது.

18 பிப்ரவரி, செவ்வாய்

மன்றம் பிறந்த நாளான இன்று, உறுப்பு நாடுகள் பலவற்றில் படைவீரர்கள் ஓடுவது வழக்கம். நாங்கள் இருவரும் வாய்க்கால் கரையில் ஓடினோம். கும்பகோணத்துக்காரரான ஆனந்தன் குணசேகரனைப் பற்றி வழியில் அவளுக்குச் சொன்னேன். கண்ணிவெடியில் இடக்காலை இழந்த அந்தப் படைவீரர், 2019இல் சீனாவின் வூகானில் நடந்த உலக இராணுவ விளையாட்டுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 100, 200, 400 மீட்டர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வென்றவர். பேத்தி ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பியதும் துணி முடிச்சுகளை எடுத்துக்கொண்டு நேரே தரிசுக் காட்டுக்குப் போய்விட்டாள்.