எங்கள் பைப் கடைக்கு ஈஆர்பி தேவையா? முடிவெடுத்த அனுபவம்

பாரிமுனையில் எங்களுக்குப் பைப், ஃபிட்டிங்ஸ், வால்வு மொத்த வியாபாரம். குடோன் மாதவரத்தில். கடையில் பில் போட டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது, அதுவே போதும் என்பது அப்பாவின் கட்சி. தெருவில் நாலு கடை மாறிவிட்டது, நாமும் ஈஆர்பி (பில், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்) போட்டுவிடலாம் என்பது தம்பியின் கட்சி. முடிவு என் தலையில் விழுந்தது. இதே குழப்பத்தில் இருக்கும் கடைக்காரர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

டெமோ பார்ப்பதை முதலில் தள்ளிவைத்தோம். டெமோவில் எல்லாமே அழகாகத்தான் ஓடும். அதற்குப் பதில் கவுண்டரில் ஒரு நீள நோட்டு வைத்தோம். 'இல்லை' என்று திருப்பி அனுப்பிய சரக்கு, தாமதமான பில், திரும்பி வந்த சரக்கு, எல்லாவற்றையும் காரணத்தோடு அதில் எழுத வேண்டும். கவுண்டரில் நிற்கும் அண்ணன், "வியாபாரத்தைப் பாக்கறதா, இதை எழுதறதா தம்பி?" என்றார். அப்புறம் அவரே யாரையும் எழுதாமல் விடுவதில்லை.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டினால், பில் தாமதம் என்பது சொற்பம். பெரும்பாலானவை இரண்டே வகை: குடோனில் இருக்கிற சரக்கை இல்லை என்று சொன்னது, அளவு மாறிப்போய்த் திரும்பி வந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் இருந்த சரக்குப் பட்டியலின் குழப்பம்.

பைப் வியாபாரத்தில் இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் 25 எம்.எம். என்றால் 1 இன்ச். சுடுநீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசியிலும் அப்படித்தான். ஆனால் விவசாயத்துக்குப் போகும் பிவிசி பைப்பை வெளிவிட்டத்தை வைத்துச் சொல்வார்கள். அங்கே 25 எம்.எம். என்பது முக்கால் இன்ச், 1 இன்ச் வேண்டுமென்றால் 32 எம்.எம். கேட்க வேண்டும். பிளம்பர் இன்ச்சில் கேட்கிறார், கம்பெனி பில் எம்.எம்.மில் வருகிறது, எங்கள் கம்ப்யூட்டரில் அன்று யார் உட்கார்ந்தார்களோ அவர்கள் வழக்கப்படி ஏறியிருக்கிறது. ஒரே எல்போ (பைப்பைத் திருப்பும் முழங்கை இணைப்பு) மூன்று பெயரில் இருந்தது. ஒன்றில் இருப்பு பூஜ்யம், இன்னொன்றில் மைனஸ், மூன்றாவதில் மூட்டை மூட்டையாக. கவுண்டரில் முதல் பெயரைப் பார்த்தவர் 'இல்லை' என்று சொல்லாமல் என்ன செய்வார்?

இந்த நோட்டோடுதான் ஈஆர்பி கம்பெனிக்காரரிடம் உட்கார்ந்தோம். "இந்தப் பட்டியலை யார் சரிபண்ணுவாங்க?" என்று கேட்டேன். "நீங்க எக்செல்ல சரிபண்ணிக் குடுத்தா நாங்க ஏத்திடுவோம் சார்" என்றார். நேர்மையான பதில், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் கஷ்டமான வேலை எங்களுடையதுதான் என்றால், அதை இருக்கிற டேலியிலேயே செய்துவிட்டு அப்புறம் யோசிக்கலாமே?

செலவுக் கணக்கையும் எங்கள் லாபத்தில் வைத்துப் பார்த்தோம். மொத்த வியாபாரத்தில் 5 சதவீதம் நின்றால் பெரிய விஷயம். வருஷத்துக்கு 1 லட்சம் சந்தா என்றால், அதை எடுக்கவே 20 லட்சத்துக்குக் கூடுதலாக விற்க வேண்டும். அப்பா இந்த ஒரு வரியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்னொரு கேள்வி சென்னைக்காரர்கள் அவசியம் கேட்க வேண்டியது: நெட் போனால் பில் போட முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரத்தில் பல இடங்களில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. மழை விட்டதும் மோட்டார் லைனுக்கும் உடைந்த பைப்புக்கும் ஆட்கள் அலைந்தார்கள். முழுக்க முழுக்க இணையத்தில் ஓடும் மென்பொருள் என்றால் அந்த மாதிரி நாளில் கவுண்டர் என்ன ஆகும் என்று விற்பவரிடமே கேளுங்கள்.

தள்ளிப்போட முடியாதது ஒன்று இருந்தது: இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு தளத்தில் பதிவது. 2023 ஆகஸ்ட் 1 முதல், 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு இது கட்டாயம். ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்குப் போடும் பில்லுக்குத்தான். கவுண்டரில் வாங்கிப்போகும் வீட்டுக்காரருக்கு வேண்டாம். இ-இன்வாய்ஸ் கட்டாயமான பில்லில் ஐஆர்என் (பதிந்ததும் அந்தத் தளம் தரும் தனி எண்) இல்லையென்றால் அது சட்டப்படி பில்லே கிடையாது, வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டிய வரி) கழிப்பதில் சிக்கலாகும், அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். எங்கள் ஆடிட்டர், நாங்கள் அந்த வரம்பை நெருங்குகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார். டேலியில் இருந்தே நேராக எடுக்கும் வசதி உண்டு. அரசு தளத்தில் இலவசக் கருவியும் இருக்கிறது. இதற்காகத் தனி ஈஆர்பி வாங்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை அடைப்பு என்பதால் குடோன் வேலையை அப்போது வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு சரக்குக்கும் முதலில் வகை, அப்புறம் பொருள், அளவு இரண்டு விதத்திலும், சிபிவிசி பைப்பாக இருந்தால் எஸ்டிஆர் (பைப் சுவரின் தடிமனைக் காட்டும் எண்) 11ஆ 13.5ஆ என்பது. தம்பி லேப்டாப்பில் ஏற்ற, லோடுமேன்கள் எண்ணிச் சொன்னார்கள். எந்த ரேக்கின் பின்னால் எது ஒளிந்திருக்கிறது என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த வேலைக்குத் தனிக் கூலி கொடுத்தோம். கொடுக்க வேண்டும்.

நோட்டு இன்னும் கவுண்டரில்தான் இருக்கிறது. 'இருந்தும் இல்லை' என்ற வகை அதில் இப்போது எப்போதாவதுதான் வருகிறது. ஈஆர்பி வேண்டாம் என்று இப்போதைக்கு முடிவு. இரண்டாவது குடோன் எடுத்தாலோ, கவுண்டரில் பில் போட ஆள் கூடினாலோ மறுபடியும் பேசுவோம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் இப்போது பார்கோடு கேட்கிறான். பெட்டியில் வரும் வால்வுக்குச் சரி, செய்யலாம். மூட்டையில் உதிரியாக வரும் எல்போவுக்கும் டீக்கும் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. வால்வுக்கு மட்டும் ஸ்கேனர் ஒன்று வாங்கியிருக்கிறோம்.