பாட்டு அடங்கும்வரை பேசாதவர்

தருமபுரியில் பென்னாகரம் சாலையிலுள்ள எங்கள் மளிகைக் கடையில், பின்மூடி தொலைந்துபோய், ரப்பர் பேண்டால் பேட்டரியை இறுக்கிக் கட்டிய டிரான்சிஸ்டர் ஒன்று நாள் முழுதும் பாடிக்கொண்டிருக்கும். பாட்டின் கடைசி வயலின் ஓயுமுன் அறிவிப்பு புகுந்துவிட்டால், புளி நிறுத்துக்கொண்டிருக்கும் அம்மா தராசை விட்டு நிமிர்ந்து டிரான்சிஸ்டரை முறைப்பார்.

ஆனி நைட்டிங்கேல் என்ற ஆங்கிலேயப் பெண் அறிவிப்பாளரைப் பற்றிப் படித்தபோது அந்த முறைப்புதான் நினைவுக்கு வந்தது; பிபிசி ரேடியோ 1-இல் ஞாயிறுதோறும் நேயர் விருப்பம் நடத்திய அவர், ஒவ்வொரு பாடலும் முழுதாக அடங்கிய பின்னரே வாய் திறப்பாராம். வீட்டில் கேசட்டில் பதிவு செய்வோருக்கு அது பேருதவி.

வானொலி கேட்கும் இல்லத்தரசிகளுக்கு ஆண் அறிவிப்பாளர் கணவருக்கு ஈடாக இருக்கிறார் என்று விசித்திரமான காரணம் சொல்லி முதலில் அவரை ஒதுக்கியிருக்கிறார்கள். 1970-இல் உள்ளே வந்த பிறகும், 1982 வரை அந்நிலையத்தில் அவர் ஒருவரே பெண் அறிவிப்பாளர்.

எனக்கு இதைவிட வியப்பளித்தது வேறொன்று: ஐம்பதை நெருங்கும் வயதில் பலரும் தம் இளமைக்காலப் பாடல்களுக்குள் ஒதுங்கிவிட, அவரோ ஆசிட் ஹவுஸ் எனும் புதிய மின்னணு நடன இசையைத் தேடிப் போனார், பின்னர் உடைந்த தாளக்கட்டு கொண்ட பிரேக்பீட் நடன இசையை நள்ளிரவு நிகழ்ச்சிகளில் ஓயாமல் ஒலிபரப்பினார். 2024 ஜனவரியில், 83 வயதில் மறைந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். "கடைசி வரைக்கும் புதுப் பாட்டேவா?" என்று கேட்டுவிட்டு, டிரான்சிஸ்டருக்கு வேறு ரப்பர் பேண்ட் தேடத் தொடங்கினார்.