ஜூஸ் கடை கேரட் சக்கையில் ஆரஞ்சு எண்ணெய்: மூன்றாவது தடவை தேறியது

மூன்று வாரமாக வீட்டில் ஒரே கேரட் வாசனை. தெருமுனை ஜூஸ் கடையில் தினமும் ஒரு வாளிச் சக்கை குப்பைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, அதில் மிச்சமிருக்கும் பீட்டா கரோட்டினை, அதாவது கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பொருளை, எண்ணெயில் இறக்க முடியுமா என்று ஆரம்பித்த வேலை. கரோட்டின் தண்ணீரில் கரையாது, அதனால் ஜூஸ் பிழிந்த பிறகும் சக்கையில் கணிசமாகத் தங்கிவிடுகிறது. இதைப் பிரிக்கப் பெரிய அளவில் ஹெக்சேன் மாதிரி, பெட்ரோலியத்திலிருந்து வரும் கரைப்பான்களைப் பயன்படுத்துவது வழக்கம். வேலை நன்றாக நடக்கும், ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும், தொடர்ந்து சுவாசித்தால் நரம்புக்குக் கெடுதல், கடைசியில் அதை வெளியேற்றவும் தனியாக மெனக்கெட வேண்டும். சமையல் எண்ணெய் என்றால் அந்தத் தொல்லை இல்லை, அப்படியே சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம். கேரட் வதக்கும்போது வாணலி ஓரத்தில் எண்ணெய் மஞ்சளாகத் தேங்குமே, அதேதான் விஷயம்.

"மாட்டுக்குங்களா தம்பி?" என்றார் கடைக்காரர். ஆமாங்கண்ணா என்று சொல்லிவிட்டேன், விளக்கினால் ஜூஸின் குளிர்ச்சி போய்விடும்.

முதல் முயற்சி சொதப்பல். ஈரச் சக்கையைக் கையால் பிழிந்து நேராகத் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சூடாக்கினேன், படபடவென்று வெடித்து அடுப்பு மேடை முழுக்க ஆரஞ்சுப் புள்ளி. மறுநாள் பாட்டில் அடியில் தண்ணீர் தனியாக நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சொட்டு மட்டும் ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டேன். ஈரமுள்ள காய்கறியை எண்ணெயில் மூழ்கடித்து வெளியில் வைக்கவே கூடாது, காற்றில்லாத அந்த இடம்தான் உயிருக்கே ஆபத்தான நச்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமிக்குத் தோது, வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

சரி, காயவைப்போம் என்று மொட்டை மாடியில் இரண்டு நாள். நன்றாக முறுமுறுவென்று காய்ந்தது, ஆனால் மேல்பக்கம் வெளுத்துப் போய், கிளறினால் அடியில் மட்டும் நிறம். அதையும் அப்படியே எண்ணெயில் போட்டு இறக்கினேன். வெளிச்சமும் காற்றும் கரோட்டினை அழிக்கும் என்று படித்திருந்தும் வெயிலில் போட்டவனை என்ன சொல்வது?

மூன்றாவது தடவை அறைக்குள் ஜன்னலைச் சாத்தி, பழைய வேட்டியில் மெல்லிசாகப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டேன். ஒரு கிலோ சக்கை நூற்று ஐம்பது கிராம் சொச்சமாகச் சுருங்கியது. மிக்ஸியில் பொடியாக்கினேன். இந்தப் பொடியாக்கும் வேலையை முன்பு அலட்சியமாக விட்டிருந்தேன், ஆனால் நிறம் செல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது, செல் உடைந்தால்தான் எண்ணெய் உள்ளே போகும். 20 கிராம் பொடி, 100 மில்லி எண்ணெய், கண்ணாடி பாட்டில். அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, அடுப்பை சிம்மில் வைத்து 60, 70 டிகிரியைத் தாண்டவிடாமல் ஒரு மணி நேரம், அவ்வப்போது கலக்கிக்கொண்டே. வடிகட்ட காபி ஃபில்டரை எடுத்தேன், துளையெல்லாம் அடைத்துக்கொண்டது, அம்மாவிடம் வாங்கிக் கட்டியதுதான் மிச்சம். கடைசியில் அதே வேட்டித் துணிதான் கைகொடுத்தது.

வெள்ளைப் பீங்கான் தட்டில் மூன்று எண்ணெயையும் ஒவ்வொரு சொட்டு வைத்துப் பார்த்தேன். முதலாவது கலங்கல், இரண்டாவது வெளிறிய மஞ்சள், மூன்றாவது குங்குமப்பூ ஊறிய பால் மாதிரி, அதைவிடவும் அடர்த்தி. ஃப்ரிட்ஜில் உறைந்ததும் அசல் கேசரி. எவ்வளவு கரோட்டின் இறங்கியது என்று சொல்ல முடியாது, கரோட்டின் விழுங்கும் நீல ஒளியை (450 நானோமீட்டர்) இந்த எண்ணெய் எவ்வளவு விழுங்குகிறது என்று அளக்கும் கருவி சமையலறையில் இல்லையே.

அப்புறம் ஒன்று கவனித்தேன். அதே 100 மில்லியை ஒரேயடியாக ஊற்றாமல், ஐம்பது ஐம்பதாக இரண்டு தடவை ஊற்றி இறக்கினால் பொடி கூடுதலாக வெளுக்கிறது. சும்மா பீட்ரூட் பொடியையும் இப்படிப் போட்டுப் பார்த்தேன், எண்ணெயில் நிறம் ஏறவே இல்லை. அதே பொடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் நொடியில் சிவப்பு. பீட்ரூட்டின் சிவப்பு நிறப்பொருளான பீட்டாலைனுக்குத் தண்ணீரே போதும், ஒரு செலவும் கிடையாது.

அடுத்து மூக்குக்கண்ணாடி கழுவும் குட்டி அல்ட்ராசானிக் தொட்டி ஒன்று வாங்கலாமா என்று யோசனை. ஒலியலையில் உண்டாகும் நுண்குமிழிகள் உடையும்போது செல் சுவரும் கிழியும், சூடு அவ்வளவாகத் தேவைப்படாது.

வடித்த சக்கை அடை மாவில் போய்விட்டது. ஜூஸ் கடை அண்ணன் நேற்று இரண்டு வாளி எடுத்து வைத்திருந்தார், மாடு எத்தனை என்று வேறு கேட்கிறார்.