அனுப்புநர் விலாசம்

தை மாதம் பாத்தி கிண்டி, பனங்கிழங்கை அவித்து, கீறி, முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டால் மாசிக்குள் புழுக்கொடியல் நொறுக்கென்று உடையும் பதத்துக்கு வந்துவிடும். ஐந்து வருடமாக அதைத்தான் இணையத்தில் விற்கிறேன். கூடவே அவிக்காமல் காயவைத்த கிழங்கை இடித்த ஒடியல் மா, பனங்கட்டி, அம்மா வறுத்து இடித்துத் தரும் மிளகாய்த்தூள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியில், தருமபுரத்துக்குள்ளே எங்கள் வீடு. கடையென்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரு பேஸ்புக் பக்கம், ஒரு வாட்ஸ்அப் இலக்கம், வீட்டுத் திண்ணை. கொரியர்காரர் வந்து பார்சலை எடுத்துப் போவார், சாமானைக் கொடுத்துக் காசு வாங்கி எனக்கு அனுப்புவார்கள். ஆயிரத்துக்கு மேல் பார்சல் போயிருக்கும். சண்டை பிடித்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள். என்னைப் பயப்படுத்தியது ஒரே ஒருவன்.

முதல் மெசேஜில் "அக்கா, சுகமா இருக்கிறீங்களா" என்றுதான் வந்தான். வேறு மாவட்டம். புழுக்கொடியல் இரண்டு கிலோ, ஒடியல் மா ஒரு கிலோ, மிளகாய்த்தூள் ஒரு கிலோ. வழமையாக இரண்டு மூன்று நாளில் போகும் பார்சல் அந்த மழைக்குள் ஆறு நாள் எங்கேயோ கிடந்து போனது. கிடைத்து மூன்றாம் நாள் ஒரு படம் அனுப்பினான். இரண்டு கீற்றில் வெள்ளைப் பூஞ்சணம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூஞ்சணம்தான், பொய்யில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி, புழுக்கொடியல் காசைத் திருப்பி அனுப்புறன்" என்று உடனே எழுதினேன்.

அவனுக்கு அது போதவில்லை. முழுக் காசும் வேண்டும், வயிற்றுக்குத்து வந்ததற்கு மேலதிகமாக 25,000 ரூபாவும் வேண்டும் என்றான். வங்கிக் கணக்கு இலக்கத்தையும் போட்டுவிட்டான். அக்கா என்றவன் ஒரு மணித்தியாலத்துக்குள் நீ என்றான், இரவு எட்டு மணிக்கு வாடி போடி என்றான். என் முகப்படத்தை வேறு படத்தோடு ஒட்டிக் குறூப்புகளில் போடுவேன் என்றான். பிறகு இன்னொரு படம் வந்தது.

அந்தப் படம் இப்பவும் என் கண்ணுக்குள் நிற்கிறது. என் பார்சலின் மேல் ஒட்டிய துண்டு. நீலப் பேனையில் நான் வடிவாக எழுதிய கையெழுத்து. அனுப்புநர் என்று போட்டு, என் முழுப்பெயர், ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கம், போன் இலக்கம். துண்டின் மூலையை அவனுடைய பெருவிரல் அமத்திப் பிடித்திருந்தது. அதன் கீழே ஒரு வரி: "உங்கட வீட்டில ஆம்பிளையள் இல்லையெண்டும் எனக்குத் தெரியும்."

அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். நான்தான் சொல்லியிருந்தேன். பக்கத்தின் அறிமுகத்தில், "அம்மாவும் நானும் மட்டுமே வீட்டில் இருந்து செய்யும் தொழில்" என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன்.

அம்மாவுக்குச் சொல்லாமல் விட நினைத்தேன், ஆனால் இரவு பதினொன்றுக்குப் பிறகு போன் விடாமல் அடித்தது. எழும்பி வந்தவ படத்தைப் பார்த்துவிட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தா. "காசைக் குடுத்துவிட்டுத் தலைமுழுகு பிள்ளை. பேர் விலாசத்தோட பொலிசுக்குப் போய் நிக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம்." இந்தப் பயம் எங்கிருந்து வருகிறதென்று வன்னியில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போர் முடிந்தபோது இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து 2010இல் திரும்பி வந்தோம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை தரம் பெயர் பதிந்திருப்போம், எத்தனை பேர் வந்து வீட்டை எண்ணியிருப்பார்கள். பதிவு, விலாசம், விசாரணை என்ற சொற்கள் அம்மாவின் காதில் வேறு மாதிரித்தான் விழும். அவவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இப்படி வெருட்டுகிற ஆட்கள் எங்களுடைய இந்தப் பயத்தை நம்பித்தான் காசு கேட்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

இரண்டு பிழை விட்டேன். ஒன்று, அந்த நேரத்திலேயே கோபத்தில் நானும் நாலு வார்த்தை எழுதிவிட்டேன். மற்றது, அவன் அனுப்பிய இரண்டு வொயிஸ் மெசேஜைக் கேட்கச் சகிக்காமல் அழித்துவிட்டேன். வீட்டுக்கு வருவேன் என்று அவன் தெளிவாகச் சொன்னது அந்த இரண்டிலும்தான்.

அடுத்த நாள் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். எங்கள் மாதர் சங்கக் கூட்டங்களுக்கு வருகிறவர் என்பதால் முகம் பழக்கம். போனை வாங்கி எல்லாவற்றையும் வாசித்துவிட்டுச் சொன்னா: "தங்கச்சி, காசுக் கதையையும் வெருட்டுக் கதையையும் ஒண்டாக் கட்டாதேங்கோ. பூஞ்சணம் பிடிச்சது உண்மையெண்டா அந்தக் காசை இண்டைக்கே போட்டு முடியுங்கோ. அதுக்குப் பிறகு மிஞ்சுறது வெருட்டு மட்டும்தான்."

எனக்கு வழி திறந்தது இந்தச் சொல்லில்தான். அதுவரை என் மனதுக்குள், சாமான் பழுதாகப் போனதால் அவன் பேசுவதைக் கேட்கத்தான் வேண்டும் என்ற மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. இரண்டு கிலோ புழுக்கொடியலின் காசை அவன் தந்த அதே கணக்கில் வைப்புச் செய்து, துண்டைப் படம் எடுத்து அனுப்பினேன். கூடவே ஒரே ஒரு மெசேஜ்: "பழுதான சாமானுக்குரிய காசு வைப்பிலிட்டுள்ளேன். இது போதாது என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். வேறு காசு தரமாட்டேன். இனிப் பதில் எழுதமாட்டேன்." சொன்னபடி அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் எழுதவில்லை. அவன் எழுதிக்கொண்டே இருந்தான்.

சாட்சியைச் சேர்ப்பதில்தான் நான் நிறையப் படித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒருவரின் இலக்கத்தைப் பெயர் போட்டுச் சேமித்திருந்தால் ஸ்கிரீன்ஷொட்டில் பெயர்தான் விழும், இலக்கம் விழாது. பெயரை அழித்து, இலக்கம் மேலே தெரியத்தக்கதாகத் திரும்ப எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் திகதியும் நேரமும் இருக்கிறதா என்று பார்த்தேன். முதல் "சுகமா" தொடங்கிக் கடைசி வரை மெதுவாக உருட்டி, திரையை வீடியோவாகவும் பதிந்தேன். இடையில் வெட்டினதாக யாரும் சொல்லக்கூடாது. நான் கோபத்தில் எழுதியதையும் மறைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலான நேரம் வரை எல்லாருக்கும் அழிய அழிக்கலாம், ஆகவே "நாளைக்கு எடுப்பம்" என்று விட்டால் அது இருக்காது. இன்னொன்று, றிப்போர்ட் பண்ணும்போது ஆளைப் புளொக் பண்ணி உரையாடலையும் அழிக்கவா என்று கேட்கும். எல்லாவற்றையும் எடுத்து இன்னொரு போனிலும் வைத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். கொரியர் துண்டு, வைப்புத் துண்டு, அவன் கணக்கு இலக்கம் போட்ட மெசேஜ் எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரு கொப்பியில் எழுதினேன்.

எழுதும்போதுதான் ஒரு விசயம் கண்ணில் பட்டது. அவன் என் விலாசத்தைக் காட்டி வெருட்டுகிறான். அதே துண்டின் மற்றப் பக்கத்தில், பெறுநர் என்ற இடத்தில், அவனுடைய பெயரும் விலாசமும் போன் இலக்கமும் இருக்கிறது. சாமான் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவனே சரியாகத் தந்தது. வங்கிக் கணக்கும் அவனே தந்தது. அன்று பின்னேரம் அம்மாவுக்கு அந்தத் துண்டைக் காட்டினேன். கன நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நாளைக்குச் சித்தியையும் கூட்டிக்கொண்டு போ" என்றா.

பொலிசில் முதல் நாள் அலுவல் நடக்கவில்லை. மேசையில் இருந்தவர், புளொக் பண்ணிவிடுங்கோ, சின்ன விசயம் என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் நேரே சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தைக் கேட்டுப் போனோம். அங்கே இருந்தவ பொறுமையாகக் கேட்டா. ஆனால் எழுதத் தொடங்கியது சிங்களத்தில். "கையெழுத்து வையுங்கோ, நான் சொல்லுறன் என்ன எழுதியிருக்கெண்டு" என்றா. நல்ல மனிசிதான். ஆனாலும் வாசிக்கத் தெரியாததில் கையெழுத்து வைக்கமாட்டேன், தமிழில் எழுதித் தாருங்கோ என்று கேட்டேன். தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தோடு அரச கரும மொழி, அடுத்த வருடத்து 16ஆம் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி. இதைக் கேட்பதற்கு யாரிடமும் தயவு கேட்கத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்தோம். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரத் தம்பி வந்து எழுதினார்.

எழுதி முடித்து வாசித்தபோது தலைப்பில் "காசுப் பிரச்சினை" என்று இருந்தது. காசு கொடுத்து முடிந்துவிட்டது, வைப்புத் துண்டு இதோ, நான் வந்தது வெருட்டினதற்கும் கெட்ட வார்த்தைக்கும் என்று சொல்லி மாற்றுவித்தேன். அந்த ஒரு வரியை மாற்றாமல் வந்திருந்தால் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று மூலையில் போயிருக்கும் என்றுதான் இப்பவும் நம்புகிறேன். பயங்காட்டிக் காசு கேட்பது தண்டனைச் சட்டக்கோவையின் 372, 373ஆம் பிரிவுகளில் வருகிறது. வெருட்டுவது 483, 486ஆம் பிரிவுகள். பாலியல் தொந்தரவு 345ஆம் பிரிவு, சொல்லால் செய்வதும் அதற்குள் அடங்கும், 5 வருடம் வரை சிறை இருக்கிறது. இணையத்துக்கென்று 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உண்டு. நான் இந்த இலக்கங்களைச் சொல்லி யாரோடும் வாதாடவில்லை. கொப்பியின் பின் மட்டையில் எழுதி வைத்திருந்தேன், அது மனதுக்கு ஒரு தைரியம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் அதே மட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதோடு முடியவில்லை. அடுத்த கிழமை ஐந்து புது ஓடர் வந்தது, எல்லாம் காசு பிறகு. ஐந்தும் திரும்பி வந்தது, போக வரக் கொரியர் காசு என் தலையில். ஐந்து இலக்கத்திலும் "அக்கா" என்பதற்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் நாலு புள்ளி, அவன் எழுதுகிற மாதிரியே. அதையும் கொண்டுபோய் மேலதிக வாக்குமூலமாகக் கொடுத்தேன்.

பத்தொன்பதாம் நாள் அவனை வரச் சொல்லியிருப்பதாகப் போன் வந்தது. தகப்பனோடு வந்திருந்தான். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும், மீசை கூட ஒழுங்காக அரும்பவில்லை. தகப்பன் கைகட்டிக்கொண்டு "பிள்ளை, தெரியாமல் செய்துபோட்டான்" என்றார். வயதான மனிதர் அப்படி நின்றது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பரவாயில்லை என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அம்மா எத்தனை இரவு தாழ்ப்பாளைப் பார்த்தா என்பதை மட்டும் சொன்னேன். என் விலாசத் துண்டின் படத்தையும் என் முகப்படத்தையும் அவனுடைய போனில் இருந்து அந்தப் பொலிஸ்காரத் தம்பிக்கு முன்னால் அழிக்கச் செய்தேன். இனித் தொடர்பு கொள்ளமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். வழக்குக்குப் போயிருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். ஒவ்வொரு தவணைக்கும் கிளிநொச்சி நீதிமன்றத்துக்குப் போய் நின்றால் அன்றைய வேலை கெடும். முறைப்பாடு பதிவில் இருக்கிறது, திரும்ப ஒரு மெசேஜ் வந்தால் போவேன். அதுவரை எனக்கு இது காணும்.

அவனுடைய படத்தையும் இலக்கத்தையும் விற்பனையாளர் குறூப்புகளில் போடச் சொல்லியும் கேட்டார்கள். போடவில்லை. ஆளின் தனிப்பட்ட விபரத்தை ஊருக்குக் காட்டினால் என் முறைப்பாடு அவனுடைய முறைப்பாடாக மாறிவிடும் என்று அந்த உத்தியோகத்தர் முதலிலேயே எச்சரித்திருந்தா.

இப்போது பார்சலில் என் வீட்டு விலாசம் போவதில்லை. பரந்தன் சந்தியில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணையிடம் கேட்டு, அவருடைய கடை விலாசத்தைப் போடுகிறேன், திரும்புகிற பார்சலும் அங்கேதான் வரும். வியாபாரத்துக்குத் தனிச் சிம். புது ஆட்களிடம் பாதிக் காசு முற்பணம். பேஸ்புக் பக்கத்தில் தூசண வார்த்தைகளைக் கொடுத்துத் தடுத்து வைத்திருக்கிறேன். பொதி கட்டுவதை வீடியோ எடுக்கிறேன். கீற்றை இன்னும் இரண்டு வெயில் கூடக் காயவைக்கிறேன், மழை நாளில் அனுப்புவதே இல்லை. பக்கத்தின் அறிமுகத்தில் இப்போது "தருமபுரத்துப் புழுக்கொடியல்" என்று மட்டும் இருக்கிறது.

போன மாதம் விசுவமடுவில் உடுப்பு விற்கும் ஒரு பிள்ளை சித்தி மூலம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. 1938 பெண்கள் உதவி இலக்கத்துக்கும் கதைத்திருக்கிறாள். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. வொயிஸ் மெசேஜை அழித்துவிட்டாளா என்றுதான் முதலில் கேட்டேன். அழிக்கவில்லை. புதுக் கொப்பி ஒன்றை எடுத்து, முதல் வரியில் திகதியை எழுதச் சொன்னேன்.